நுவரெலியாவுக்கு முதல் பயணம்

“மூண்டு சுவெற்றர் வாங்கவேணும். எங்களிட்டை ஒண்டும் இல்லையெல்லே?” என்று கேட்டாள் பிரசாந்தி.

“ஓமோம், ஒண்டும் இல்லைத்தான்” என்றான் அவள் புருஷன் கோபிசங்கர். சுன்னாகத்தில் அவனுடைய மின்சாரச் சாமான் கடையில், வயர்ச் சுருள்களுக்குப் பின்னால் ஒரு நீலச் சுவெற்றர் ஒரு வருடமாக ஒளிந்து கிடந்தது. அது நுவரெலியாவில் வாங்கியது. அந்தச் சங்கதி வெளியில் வந்தால் வீடு இரண்டுபட்டுவிடும்.

மகள் சாருஜா ரியூசனுக்குப் போயிருந்தாள். இணுவில் வீட்டு மேசையில் முருங்கையிலை உருவிக்கொண்டே பிரசாந்தி பயணத்துக்குத் திட்டம் போட்டாள். பள்ளிக்கூட ரீச்சர் அல்லவா, பாடம் பிரிக்கிற மாதிரியே பிரித்தாள். முதல் நாள் றம்பொடை அனுமார் கோயில், அடுத்த நாள் ஹக்கலைப் பூங்கா, பிறகு உலக முடிவு என்கிற மலை விளிம்பு. சித்திரை விடுமுறை விட்ட கையோடு வாடகை வான் பிடித்து வெளிக்கிட வேண்டியதுதான்.

கோபிசங்கர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வருடா வருடம் அவள் கேட்க, “கடையை ஆர் பாக்கிறது? உமக்குக் குளிரும் ஒத்துக்கொள்ளாது” என்று தட்டிக் கழித்தவன் அவன். போன சித்திரையில் பக்கத்துக் கடைப் பஞ்சலிங்கம் “வாறியோ?” என்று கேட்டதுதான் தாமதம், கடையைப் பூட்டிவிட்டு வானில் ஏறிவிட்டான். வீட்டில் சொன்னதோ, கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகிறேன் என்று.

அதையும் அந்தப் பாவி மனுசி நம்பினாள். வழியில் சாப்பிட எள்ளுருண்டை வேறு கட்டிக் கொடுத்தாள். தனியே படுக்கப் பயம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அச்சுவேலியில் தமக்கை வீட்டில் போய் நிற்கிறேன் என்றாள்.

திரும்பி வந்தபோது குளிரில் அவனுடைய உதடு வெடித்திருந்தது. “கொழும்பிலை சரியான வெக்கை” என்று கூசாமல் சொன்னான். அவளோ ஒரு கேள்வி கேட்கவில்லை, பசுநெய் எடுத்துவந்து பூசிவிட்டாள். அதை நினைத்தால் அவனுக்கு இன்றைக்கும் தன் கன்னத்தில் தானே இரண்டு போடவேண்டும் போலிருக்கும்.

“றம்பொடை வளைவுகளிலை சத்தி வரும், மணந்து பாக்கத் தேசிக்காய் கொண்டுபோவம். போன தடவை...” வாய் நழுவிவிட்டது.

இலை உருவிய கை நின்றது. “போன தடவையோ?”

“பஞ்சலிங்கம் போன தடவை எண்டு சொல்லுறன். அந்தாள் வழி முழுக்கச் சத்தி எடுத்ததாம்.” உண்மையில் வழி முழுக்க வாந்தி எடுத்தவன் இவன்தான். பாவம் பஞ்சலிங்கம், அந்தப் பழியையும் சுமந்தார்.

“சரி, கொண்டுபோவம்” என்று பிரசாந்தி மறுபடி இலைக்குக் குனிந்தாள். “உலக முடிவுக்கு விடிய வெள்ளண போயிடவேணும். வெயில் ஏறினால் மலையைப் பனிப்புகார் மூடிப்போடும், பிறகு ஒரு மண்ணும் தெரியாது.”

“உது ஆர் சொன்னது?”

“எங்கடை பள்ளிக்கூடத்துப் பிரதீபா ரீச்சர் போய்வந்தவ.”

ஐயோ, ஊரெல்லாம் போய்வந்தவர்களின் வாயைப் பார்த்தே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாளே! கட்டினவளை வீட்டில் விட்டுவிட்டுக் களவாய்ப் போய் மலை பார்த்த நானெல்லாம் ஒரு மனுசனா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

“இஞ்சருங்கோ” என்றாள் பிரசாந்தி மெல்ல. “எனக்குப் பெரிய ஆசையொண்டும் இல்லை. அந்தக் குளிரிலை உங்களோடை ஒருக்கா நடக்கவேணும். அது போதும்.”

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தான்.

“பிரசாந்தி, நான் ஒரு கூடாத வேலை செய்துபோட்டன். போன வருஷம் கொழும்புக்கெண்டு சொன்னது பொய். பஞ்சலிங்கம் ஆக்களோடை நுவரெலியாவுக்குத்தான் போனனான்.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அழுவாள், அல்லது பெட்டியைக் கட்டிக்கொண்டு தமக்கை வீட்டுக்கு வெளிக்கிடுவாள். வானுக்குச் சொன்னதை நிறுத்த வேண்டிவரும். இனிமேல் உண்மையிலேயே கொழும்புக்குப் போனாலும் அவள் நம்பப்போவதில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தான். அவள் தலையைக் குனிந்தபடி முருங்கைக் காம்பை முறித்து முறித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து போயிருந்தது.

“வாய் திறந்து கதையுமன். நாலு ஏச்செண்டாலும் ஏசும். உப்பிடிச் சும்மா இராதையும், எனக்கு விசர் பிடிக்குது.”

“நான் எந்த முகத்தோடை உங்களை ஏசிறது?” என்றாள்.

“ஏன்? நீர் என்ன பிழை செய்தனீர்?”

“போன வருஷம் நீங்கள் நுவரெலியா வாவிக் கரையிலை சோளம் கடிச்சுக்கொண்டு நிக்க, பிரதீபா ரீச்சரின்ரை குடைக்குள்ளை ஒளிச்சு நிண்டது நான்தான்.”