கால் படாத இடம்

தார்க் கொப்பரையின் மேடையில், மாசிலாமணி சாக்கைத் தோளுக்கு ஏற்றிவிட்டான்.

அப்போதுதான் கீழே நின்ற ஆராய்ச்சிக்கார மேடத்துக்குக் காலையில் ஊற்றிய அந்தத் தண்ணீர் நினைவுக்கு வந்தது.

சாக்கில் இருப்பது அவளுடைய தூள்.

பேப்பர் மில் கழித்துத் தள்ளும் மரச்சாற்றைக் காயவைத்து எடுத்த பழுப்புத் தூள். தாரோடு கலந்தால் சாலை கத்திரி வெயிலிலும் இளகாது என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஆய்வகத்தில் அந்தத் தூளைப் பச்சைப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாள். ஈரக் கையோடு ஒருவரையும் கிட்டே விட்டதில்லை. கொதிக்கிற தாரில் ஈரம் விழுந்தால் பால் மாதிரி பொங்கிவிடும். பக்கத்தில் நிற்பவன் பிழைப்பது கஷ்டம்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் காலையில் பூஜை செய்தாள்.

முதல் கலவை மேடம் கையால் நடக்கட்டும் என்று சொம்பைக் கொடுத்தார்கள். மாவிலையால் ரோலருக்குத் தெளித்தாள், லாரிக்குத் தெளித்தாள். பூரித்துப் போயிருந்தாள். முக்கால் சொம்பு மஞ்சள் தண்ணீர் மீந்தது. அதைக் கால் படும் இடத்தில் ஊற்றக்கூடாது. அம்மா என்றால் செடிக்கடியில் ஊற்றுவாள். அந்த ஜல்லிக்காட்டில் செடிக்கு எங்கே போவது?

பிரித்து வைத்திருந்த தூள் சாக்கின் வாய் கண்ணில் பட்டது. அங்கே யார் காலும் படாது.

இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம்? அதில் ஊற்றிவிட்டுக் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டாள்.

“கொட்டாதீங்க!”

பர்னர் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரண்டு கைகளையும் ஆட்டினாள். மேடம் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து அவன் பல் தெரியச் சிரித்தான்.

சாக்கைச் சாய்த்தான்.

அவள் ஓடினாள். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது. பர்னர் சுவிட்சை அறைந்து அணைத்தாள்.

இரைச்சல் நின்றது.

“ஈரம்! கொட்டாதீங்க!”

அதற்குள் ஒரு கட்டி விழுந்துவிட்டது.

தார் சீறிக்கொண்டு எழுந்தது. விளிம்பு வரைக்கும் வந்தது. சாக்கைக் கட்டிப்பிடித்தபடி அவன் பின்னால் சரிந்தான். போய்விட்டான் என்றே நினைத்தாள்.

நுரை விளிம்பிலேயே நின்றது.

பிறகு, மெல்ல அடங்கியது.

மாசிலாமணி இறங்கி வந்தான். சாக்கைக் கீழே போட்டுவிட்டுக் கொப்பரையைச் சுற்றிக்கொண்டு ஓடினான். ஏன் ஓடுகிறான் என்று தெரியாமலே அவளும் பின்னால் போனாள்.

மறுபக்கம், மேடை நிழலில், அவன் மனைவி செவந்தி உட்கார்ந்து பூஜைப் பொங்கலை இலைகளில் வைத்துக்கொண்டிருந்தாள். விளிம்புக்கு நேர் கீழே.

மாசிலாமணி மனைவியின் தோளைப் பிடித்து எழுப்பி வெயிலுக்கு இழுத்து வந்தான்.

செவந்திக்கு ஒன்றும் புரியவில்லை. புருஷனைப் பார்த்தாள். மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த இலையை நீட்டினாள்.

“ஏன் மேடம், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? ரெண்டு வாய் சாப்பிடுங்க.”

அவள் வாங்கவில்லை. தண்ணீரை ஊற்றியது தான்தான் என்று சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

சொன்ன பிறகும் அந்தக் கை நீட்டியபடியே இருக்குமா?

நுரை விளிம்பு வரை வந்தபோது பட்ட பயம் ஒரு பயமே இல்லை என்று தோன்றியது.

“செவந்தி,” என்று ஆரம்பித்தாள்.