கேட்டதாகப் பதிவு

கறுப்புக் கோட்டுப் பெண் பேச எழுந்ததும் அறை அமைதியானது. துக்கத்தில் இருப்பவளை யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்று குழுத் தலைவி ஹிலரி ஆர்மராட் மற்ற உறுப்பினர்களிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார்.

வீடுகளுக்கு மின்சாரமும் எரிவாயுவும் விற்கும் கம்பெனிகளுக்கு விதி வகுத்து, அதன்படி நடக்கிறார்களா என்று பார்க்கிற குழு அது. லீட்ஸ் நகரில் அன்றைக்கு அவர்கள் கூடியது ஒரே ஒரு விதிக்காக. பில் கட்டாதவர் வீட்டு மீட்டரை, முன்பணம் போட்டால்தான் ஓடும்படி கம்பெனி தன் ஆபீஸில் இருந்தபடியே மாற்றிவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஃபோனில் பேசி, வீட்டில் நோயாளியோ தள்ளாதவரோ உண்டா என்று கேட்டாக வேண்டும். அந்த ஒற்றைக் கேள்வியை விதிக்குள் நுழைக்க ஹிலரி இரண்டு வருஷம் மல்லுக்கட்டியிருந்தார்.

ஹாலிஃபாக்ஸில் ஸ்டான்லி ஹோல்ராய்ட் என்று ஒருவர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்திரண்டு வயது, நுரையீரல் நோயாளி. போன பிப்ரவரியில் அவர் வீட்டு மீட்டரை மாற்றினார்கள். ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துப் பார்த்தபோது, வீட்டைச் சூடாக்க வழியில்லாமல், குளிரில் நாற்காலியிலேயே விறைத்துப் போயிருந்தார்.

பேசுவோர் பட்டியலில் 'ஜானின் கார்சைட், ஹோல்ராய்ட் மரணம் பற்றி' என்று மட்டும் போட்டிருந்தது. மகளாக இருக்கும், கல்யாணமாகிப் பெயர் மாறியிருக்கும் என்று ஹிலரி நினைத்துக்கொண்டார்.

பேச எழுந்த ஜானின், கையில் காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை. ஸ்டான்லி மூச்சு வாங்கி வாங்கிப் பேசியதையும், ஒரு வரி சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை இருமியதையும் சொன்னாள். பின்னால் கெட்டில் கூவிக்கொண்டே இருந்ததாம், அவரால் எழுந்து போய் அணைக்க முடியவில்லையாம். பூனையை மடியில் போட்டுக்கொண்டால் இரண்டு பேருக்கும் கதகதப்பு என்று சிரித்தாராம்.

"என்னைக் கண்ணுன்னுதான் கூப்பிட்டார்," என்றாள். "கண்ணு, எனக்கு இந்த மீட்டர் சமாச்சாரமெல்லாம் புரியாது, நீ பாத்துச் செய்ம்மான்னார்."

ஹிலரியின் அப்பாவும் கடைசிக் காலத்தில் எல்லாவற்றையும் அப்படித்தான் மகள் தலையில் போட்டார்.

கம்பெனி சார்பில் வந்திருந்தவர் கிளைவ் லாதம். கெட்டவராகத் தெரியவில்லை. முதலில் ஜானினைப் பார்த்து ஆறுதல் சொன்னார், எழுதி வைத்ததைப் படிக்காமல் மனசாரத்தான் சொன்னார். பிறகு சுவரில் இருந்த திரையில் பதிவேட்டைக் காட்டினார். பிப்ரவரி மூன்று, காலை பத்து நாற்பத்திரண்டு. நோயாளியோ தள்ளாதவரோ உண்டா என்று கேட்கப்பட்டது. பதில், இல்லை. பக்கத்தில் பச்சையாக ஒரு டிக்.

பேசியதன் ஒலிப்பதிவு எங்கே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். தொண்ணூறு நாளில் அழித்துவிடலாம் என்று இந்தக் குழுவே அனுமதி தந்திருப்பதை லாதம் மரியாதையாக நினைவூட்டினார். தங்கள் ஊழியர்கள் எந்த அழைப்பையும் ஆறு நிமிஷத்துக்குள் முடித்துவிடுவார்கள் என்றும், அப்படியும் இந்தக் கேள்வியை ஒருவரிடம்கூடக் கேட்காமல் விட்டதில்லை என்றும் சொன்னார்.

அது ஹிலரிக்கும் தெரிந்த விஷயம்தான். அந்தக் கம்பெனியின் பதிவேடுகளை இரண்டு தடவை தணிக்கை செய்து, நூற்றுக்கு நூறு என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டவரே அவர். இப்போது அந்தப் பச்சை டிக்கை அவரால் நம்ப முடியவில்லை. மூச்சுக்கே திணறுகிற மனுஷர், எனக்கு ஒரு நோயும் இல்லை என்று ஏன் சொல்லப் போகிறார்?

ஆனால் எழுத்தில் இருப்பதை மீறி என்ன செய்ய முடியும்? உறுப்பினர்கள் பேனாவை மூடத் தொடங்கினார்கள். விதியில் குறையில்லை, இறந்தவர் தம் நோயை மறைத்துவிட்டார் என்று முடிவெழுதலாமா என்று செயலாளர் குனிந்து ஹிலரியிடம் கேட்டார்.

அது ஜானின் காதிலும் விழுந்தது. அவள் இன்னும் உட்காரவில்லை.

"அவர் மறைக்கல," என்றாள். "அவரை யாரும் கேக்கவே இல்ல."

லாதம் குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க வேதனை புரியுதும்மா. அன்னிக்கு நீங்க அந்த வீட்டுல இருந்தீங்களா?"

"இல்ல. அந்த வீட்டை நான் பாத்ததே இல்ல."

ஹிலரி நிமிர்ந்தார். லாதம் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை, தன் வழியிலேயே போனார்.

"அப்போ யோசிச்சுப் பாருங்க. ஃபோன்ல இருந்தது ரெண்டே பேர். ஒருத்தர் உங்க அப்பா, இன்னொருத்தர் எங்க ஆள். கேட்டாங்களா இல்லையான்னு மூணாவது மனுஷர் யாரும் சொல்ல முடியாது. சரிதானே?"

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிதான் சார். உங்க ஆள் நான்தான்."