கேரியர் அக்கா

அநியாயம் நடந்தது கேரியர் அக்காவுக்கு. பல வருஷமாக வீட்டில் சமைத்து மகளிர் விடுதிக்குச் சாப்பாட்டுக் கேரியர் சுமந்து வந்தவரை, "இனிமே வராதீங்க" என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விசாரணை உண்டா? இல்லை. விளக்கம் உண்டா? அதுவும் இல்லை. நிறுத்தச் சொன்னவர் பல்கலைக்கழகத்தின் உணவுக் கிருமி ஆய்வுக்கூடத்து மேடம். அவர் சொன்னால் சொன்னதுதானாம்!

விடுதியில் சிலருக்கு டைபாய்டு வந்திருந்தது. மேடம் தண்ணீரில், சாப்பாட்டில் எல்லாம் சாம்பிள் எடுத்தார். சமைக்கிறவர்கள், பரிமாறுகிறவர்கள் என்று ஒருவர் விடாமல் பரிசோதனை. அப்புறம் ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. பேசி முடித்த வார்டன் அம்மா எல்லோரிடமும் சொன்னார்: "கேரியர்லதான் கிருமியாம்."

அக்கா அன்றைக்கே பழைய கேரியர்களை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டுப் புது எவர்சில்வர் கேரியர்கள் வாங்கினார். அதையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தார். அப்படியும் மேடம் அசையவில்லை. கல்நெஞ்சம்.

"இதை விடக் கூடாதுடி" என்றாள் பாயிண்ட். விடுதியில் தங்கி வரலாறு எம்.ஏ. படிக்கிறாள். வாயைத் திறந்தாலே "என் பாயிண்ட் என்னன்னா" என்றுதான் ஆரம்பிப்பாள். அதுவே பெயராகிவிட்டது.

"பார்த்துடி, உன் வாயிலயும் சாம்பிள் எடுத்துடப் போறாங்க" என்றாள் அறைத்தோழி.

"எடுக்கட்டுமே. நியாயம் வளர்ந்திருக்கும். அதுதான் அவங்க இதுவரைக்கும் பார்க்காத ஜந்து."

மேடத்திடமே கேட்டுவிடுவது என்று பாயிண்ட் கிளம்பினாள். அக்காவும் கூடவே வந்தார். ஆய்வுக்கூடத்து வராந்தா பெஞ்சில் நுனியில் உட்கார்ந்துகொண்டார்.

"சண்டை கிண்டை போட்டுடாதே கண்ணு. நான் என்ன தப்பு பண்ணினேன்னு மட்டும் கேட்டுட்டு வா. வேற எங்கயும் சமைக்கக் கூடாதுன்னுட்டாங்க. அடுப்பு அணைஞ்சு கிடக்கு. என்ன தப்புன்னு தெரிஞ்சாத்தானே திருத்திக்க முடியும்?"

உள்ளே மேடம் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மேடம், என் பாயிண்ட் என்னன்னா..."

"உக்காரும்மா."

"நின்னுக்கிட்டே கேக்கறேன். கேரியர்ல கிருமி இருந்துச்சு, சரி. அதை மாத்தியாச்சு. அப்புறமும் எதுக்குத் தடை? புதுக் கேரியரைச் சோதிச்சுப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"பழசையாவது சோதிச்சீங்களா?"

"அதையும் சோதிக்கல."

பாயிண்டுக்குத் தலைகால் புரியவில்லை. மாட்டிக்கொண்டாரே! "சோதிக்காமலே கேரியர்ல கிருமின்னு எப்படிச் சொன்னீங்க? ஏழைன்னா அவ்வளவு இளக்காரமா?"

மேடம் குழாயை மூடினார். போய்க் கதவையும் மூடிவிட்டு வந்தார்.

"கேரியர்னு நாங்க சொல்றது பாத்திரத்தை இல்லம்மா. காய்ச்சல் இல்லாம, தலைவலிகூட இல்லாம, நல்லா நடமாடிக்கிட்டே கிருமியை உடம்புல சுமக்கற ஆளை. அக்காவோட பித்தப்பையில இருக்கு. வார்டன் அதைப் பாத்திரம்னு நினைச்சுட்டாங்க. நான் திருத்தல."

பாயிண்ட் உட்கார்ந்தாள். ஆனாலும் விடவில்லை.

"அப்போ அதை அவங்ககிட்டயே சொல்லியிருக்கணும் மேடம். அவங்க உடம்பு அது. தெரிஞ்சுக்கறது அவங்க உரிமை. உண்மையை மூடி வைக்கறதுக்குப் பேரா ஆராய்ச்சி?"

"பித்தப்பையில கோளாறுன்னு சொல்லி டாக்டர் மாத்திரை குடுத்துட்டு இருக்கார். அதுல பொய் இல்ல. கிருமி முழுசா போயிடுச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கு நானே போய் அடுப்பு மூட்டச் சொல்லுவேன்."

"அதுவரைக்கும் விடுதியே உங்களை வாய்க்கு வந்தபடி திட்டும்."

"திட்டட்டும்."

"எதுக்கு மேடம் இந்த வீண்பழி? ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போற விஷயம்!"

மேடம் மேசைமேல் இருந்த கண்ணாடித் தட்டை எடுத்தார். எதற்கு எடுத்தோம் என்று தெரியாதவர் போலத் திரும்ப வைத்தார்.

"சாம்பிள் எடுக்கறப்போ எல்லார்கிட்டயும் கேப்போம், வீட்டுல யாருக்காவது டைபாய்டு வந்திருக்கான்னு. அக்கா சொன்னாங்க, போன வருஷம் அதுலதான் பொண்ணு போயிட்டான்னு. ஒரே பொண்ணு. வெளில ஒரு வாய் சாப்பிட மாட்டாளாம். அம்மா கையால சமைச்சாத்தான் உள்ளே இறங்குமாம். அதை எவ்வளவு பெருமையா சொன்னாங்க தெரியுமா?"

மேடம் மூடிய கதவைப் பார்த்தார்.

"அக்கா வெளியிலதான் இருக்காங்க. நீ சொல்றதுன்னா போய்ச் சொல்லும்மா. நான் தடுக்க மாட்டேன்."

பாயிண்டுக்கு ஒரு பாயிண்டும் வரவில்லை.

கதவைத் திறந்ததும் அக்கா எழுந்துவிட்டார். சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டார்.

"என்ன கண்ணு சொன்னாங்க? என்னதான் தப்பு பண்ணிட்டேனாம் நான்?"

பாயிண்ட் அவரது கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மை, உரிமை என்று இவ்வளவு நேரம் முழங்கிய அதே வாயால், உள்ளே இருக்கிற மேடத்துக்கும் நன்றாகக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்:

"நீங்க ஒரு தப்பும் பண்ணலக்கா. அந்தம்மாவுக்குத் திமிரு, அவ்வளவுதான்."