தோட்டத்தில் டிவி பார்த்தவர்

"வீட்டுக்குள்ள பொண்டாட்டி உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கா. இந்த மனுசன் தோட்டத்துல நின்னு டிவி பாத்துக்கிட்டு இருந்தாகளாம்ல!"

துக்க வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு ஜக்கம்மா சொன்னது ஓடைப்பட்டி பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும்.

"டிவியா? தோட்டத்துலயா?"

"உள்ளங்கை அகலத்துக்கு ஒண்ணு. எந்நேரமும் கழுத்துல தொங்கும். நானே பாத்திருக்கேன். ஆத்தா மகாலட்சுமி, உனக்குன்னு வாய்ச்சதப் பாரு!"

மகாலட்சுமியின் கணவர் வேல்பாண்டி, சாமியானாவுக்குக் கீழே தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். காதில் விழாமல் இருக்காது. வாய் திறக்கவில்லை. மகள் நாகஜோதிக்குப் பூ வைத்துவிட்டுப் போயிருந்த சின்னமனூர் சம்பந்தி வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அஜய்குமாருக்கு இது போதாதா? அதே ஊரில் பிளஸ் டூ படிக்கிறவன், மிமிக்ரி பைத்தியம். இன்றைக்கு ஊரில் யார் பேசினாலும் நாளைக்கு அவன் வாயில் அதே ஆள் உட்கார்ந்து பேசுவார்.

பால் தெளித்த மறுநாள் சாயங்காலம். வேல்பாண்டி தோட்டத்தை ஒட்டிய ஓடைக்கரை. கூட்டாளி ஜெபாவுக்கு முன்னால் முதலில் ஜக்கம்மாவாக ஒப்பாரி வைத்தான். மூக்கைக்கூடச் சிந்தினான். அடுத்து, கைலியை மடித்துக் கட்டி வேல்பாண்டி ஆனான்.

"ஏலே! அத இறக்குங்கடா! புண்ணியமாப் போகும், அந்தப் பக்கம் கொண்டுபோயி விடுங்கடா!"

அச்சு அசல். அஜய்குமாரின் ட்ரோன் தலைக்கு மேலே வந்தாலே அவர் இப்படித்தான் கத்திக்கொண்டு ஓடி வருவார்.

"கவாத்து வெட்டி மொட்டையாக் கெடக்கிற திராட்சைப் பந்தல்டா. என் ட்ரோன் எறங்கி என்ன, கம்பியவா திங்கப் போகுது?"

ஜெபா சிரித்து முடித்து ட்ரோனைக் கையில் எடுத்தான். அவன் அப்பாவுக்குத் தேனி பஜாரில் செட்டாப் பாக்ஸ் கடை.

"சரி, என்ன கோளாறு?"

"மேல போனதும் கண்ணாடியில படம் கோடு கோடா அடிக்குது. வைகை அணைப் பக்கம் விட்டா பளிங்கு மாதிரி தெரியுது. இங்கன வந்தாத்தான் பேய் பிடிக்குது."

ட்ரோன் கேமராவில் விழும் படத்தை, முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தபடி ஓட்டுகிற ரகம் அது.

"ஆன்டெனா?"

"புதுசு மாத்திட்டேன்."

"மோட்டார் இரைச்சலா இருக்கும். அத அமுக்க பேட்டரி ஒயர்ல கெபாசிட்டர் வச்சியா?"

"வச்சேன். பத்த வைக்கிறப்ப வெரலையும் சேத்துப் பத்த வச்சேன்."

"சேனல்?"

"வாங்குறப்ப எது இருந்துச்சோ அதுதான். அதெல்லாமா மாத்துவாக?"

"ட்ரோன அணை. கண்ணாடிய மட்டும் மாட்டு. ஒண்ணும் தெரியலன்னா கோளாறு ட்ரோன்ல. படம் தெரிஞ்சா, வேற யாரோ இதே சேனல்ல கேமரா வச்சிருக்காகன்னு அர்த்தம்."

அணைத்தான். மாட்டினான்.

"ஏலே, தெரியுதுடா! எவன் வீடோ! நாளைக்கு ஊரே சிரிக்கப் போகுது பாரு. இரு இரு... ஒரு கட்டில். கீழ ஒரு வெளக்கு எரியுது. சுவத்துல போட்டோ..."

அதோடு நின்றுவிட்டான்.

ஜெபா கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தான். மாலை போட்ட போட்டோவில் மகாலட்சுமி.

"கட்டிலுக்கு நேரா கேமரா மாட்டிருக்காக," என்றான் மெதுவாக. "அவரு கழுத்துல தொங்குனதுல சினிமா ஓடலடா. அவுகளத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு."

"எதுக்குடா? நல்லாத்தான இருந்தாக?"

"தெரியல. ஆனா அவுக படம் நம்ம கண்ணாடியில வந்து கோடு போட்டுச்சுன்னா, நம்ம படம் அவரு டிவியில..."

மகாலட்சுமி செத்த அன்றைக்கும் ட்ரோன் அந்தப் பந்தலுக்கு மேலேதான் சுற்றியது. வேல்பாண்டி கத்தினார். அஜய்குமார் வேண்டுமென்றே இன்னும் தாழ இறக்கிக் காட்டினான்.

சேனல் மாற்றும் பட்டன் ட்ரோனின் வயிற்றில் இருந்தது. உளுந்து அளவுதான்.

அஜய்குமார் பந்தலுக்குள் போனான். வேல்பாண்டி மிச்சக் கொடிகளைக் கவாத்து வெட்ட மறுபடி இறங்கியிருந்தார். கழுத்தில் எதுவும் தொங்கவில்லை.

"மாமா..." அஜய்குமாருக்கு வந்தது அவனுடைய சொந்தக் குரல்தான். "உங்க டிவியில... எங்க ட்ரோன்..."

அவர் கத்தரியை நிறுத்தவில்லை.

"வலிப்புடா அவளுக்கு. எப்ப வரும்னு சொல்ல முடியாது. வெளிய தெரிஞ்சா நாகஜோதிய எவன் கட்டுவான்? அதான் கேமராவ மாட்டிட்டு இங்கன நின்னு வேலையப் பாத்தேன். வெட்டி இழுத்தா ஓடிருவேன்."

"அன்னைக்கு?"

"அன்னைக்குக் குனிஞ்சு டிவியப் பாத்தேன். அவளக் காணோம். மொட்டைப் பந்தலுக்கு நடுவுல எவனோ குனிஞ்சு நிக்கிறான். நான்தான்னு வெளங்கவே கொஞ்ச நேரமாச்சு. உன்னப் பாத்துக் கத்துனேன். கத்தாம வீட்டுக்கு ஓடியிருக்கணும்."



"எல்லாம் தெரிஞ்சுமா மாமா... ஊரே அப்படிப் பேசுறப்பச் சும்மா இருந்தீக?"

வேல்பாண்டி அடுத்த கொடிக்கு நகர்ந்தார்.

"சொன்னா எம்மகளுக்கு வலிப்புக்காரி பெத்த பொண்ணுன்னு பேரு வரும். ஒனக்கு அதவிட மோசமான பேரு வரும். ரெண்டு பேரும் வாழ வேண்டிய புள்ளைக. டிவி பாத்தவன்னு எனக்கு ஒரு பேரு இருந்துட்டுப் போகட்டும்லே."