பறிப்புக்கு முந்தைய வாரம்

"என்னங்க, இன்னிக்கும் யாரோ தண்ணி வால்வை மூடிட்டாங்க!"

தோட்டத்திலிருந்து அவள் மூச்சு வாங்க வந்து நின்றாள். அப்போதுதான் வெளியே போய்விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீயே மூடிட்டு மறந்திருப்ப."

"ஆறு மணிக்குத் திறந்துவிட்டுத்தானே அடுப்பு பத்தவைக்க வந்தேன்? ஏழு மணிக்குப் போனா மூடிக் கிடக்கு. இதோட நாலு நாள் ஆச்சு! யாரோ வேணும்னே என் பயிருக்கு உலை வைக்கிறாங்க."

கணவர் துண்டால் காலைத் துடைத்தார். துடைத்த காலையே மறுபடி துடைத்தார்.

ஒன்றரை ஏக்கர் முலாம்பழம். இதற்கு முன் இரண்டு முறை அவர் போட்டு, இரண்டு முறையும் கையைச் சுட்டுக்கொண்டார். முதல் முறை ஓர் அடிகூட இடைவெளி விடாமல் நெருக்கி நட்டதில், கொடிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கொண்டு, காய்கள் கைப்பிடி அளவோடு நின்றுவிட்டன. அடுத்த முறை, மகளின் பிரசவத்துக்காக அவள் வெளியூர் போயிருந்தாள். நோய் விழுந்து அத்தனையும் அழுகிவிட்டதாகப் போனில் சொன்னார். அவள் திரும்பி வருவதற்குள் நிலத்தை உழுதும் போட்டுவிட்டார்.

மூன்றாம் முறை, தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு அவளே இறங்கினாள். ஒரே ஒரு நிபந்தனைதான்.

"இந்தத் தடவை விவசாயத்தைப் பத்தி நீங்க வாயே திறக்கக் கூடாது."

அவரும் தலையாட்டினார்.

வரிசைக்கு வரிசை ஐந்து அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி. தையல் டேப்பை வைத்து அளந்து அளந்து நட்டாள். பக்கத்துத் தோட்டக்காரர் வேலியோரம் நின்று சிரித்தார்.

"நிலத்துக்குச் சட்டையா தைக்கிற? முழுக் கையா, அரைக் கையாம்மா?"

வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சாமல், சொட்டுநீர்க் குழாய் போட்டாள். கடைக்காரர் சொன்னபடி தினமும் ஒரு மணி நேரம். ஒரு நாள் தவறவில்லை. கொடிகள் நெரிசல் இல்லாமல் படர்ந்தன. இப்போது காய்கள் தோலில் வலை பின்னி, ஒவ்வொன்றும் ஒன்றரை கிலோவுக்குக் குறையாமல் கிடந்தன. இன்னும் ஒரு வாரத்தில் பறிப்பு.

இந்த நேரத்தில்தான் இந்தக் கூத்து.

"அந்தப் பக்கத்துத் தோட்டத்து ஆளாத்தான் இருக்கும். பொறாமை."

"சேச்சே, அவரா? அவர் வாய்தான் நீளம்."

"நாளைக்குக் கையும் களவுமா பிடிக்கிறேன். நீங்களும் வாங்க."

"நானா? நான் எதுக்கு?"

"சாட்சிக்கு!"

மறுநாள் ஆறு மணிக்கு வால்வைத் திறந்துவிட்டு, இருவரும் மோட்டார் அறைக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்தார்கள். குழாய்களில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு செடியின் காலடியிலும் ஈரம் வட்டமாகப் பரவத் தொடங்கியது.

கால் மணி நேரம் ஆனது. கணவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நீ போய் அடுப்பைப் பாரும்மா. நான் இங்க பார்த்துக்கறேன்."

"அடுப்பு எங்கயும் ஓடிடாது. என் கண்ணால பார்க்கணும்."

அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. அவள் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "பயப்படாதீங்க. அவன் ஒருத்தன், நாம ரெண்டு பேர்."

ஆறரை மணிக்கு வரப்பில் செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்துத் தோட்டக்காரர்! தோளில் மண்வெட்டியோடு நேராக வால்வை நோக்கி வந்தார். நின்றார். குனிந்தார்.

அவர் காலில் குத்திய முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தன் போக்கில் நடந்து போனார்.

ஏழு மணி. அதற்குப் பிறகு ஓர் ஈ, காக்கைகூட வரவில்லை. வால்வு திறந்தபடியே இருந்தது.

"நாம காவல் இருக்கறதை மோப்பம் பிடிச்சிட்டான்!" அவள் எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "போகட்டும், பயிர் பிழைச்சுது. நாலு நாளா தண்ணி பத்தாம தவிச்சிருக்கும். இன்னிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் சேர்த்து ஓடட்டும்."

"இன்னும் ரெண்டு மணி நேரமா?"

கணவர் விருட்டென்று எழுந்தார். கொடிகளைத் தாண்டித் தாண்டி, ஓட்டமும் நடையுமாகப் போனார். இலைகளுக்குள் மறைந்திருந்த வால்வைத் தேடக்கூட இல்லை. கை தானாகப் போய்ப் பிடித்து, இறுக்கித் திருகி மூடியது.

"என்ன பண்றீங்க? உங்களுக்குப் பைத்தியமா?"

அவர் திரும்பவில்லை. வால்விலிருந்து கையையும் எடுக்கவில்லை.

"நாலு நாளா மூடினது நான்தாம்மா. போன தடவை நம்ம பழம் நோய் விழுந்து போகல. பறிக்கிற வாரத்துல நான் விட்ட தண்ணியிலதான் அத்தனையும் வெடிச்சுது."