பேண்டேஜ் பையன்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஊரில் ஹாலோவீன் பண்டிகை அன்று வேஷம் போட்டுக்கொண்டு வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்கு, ஒரு ஜோக் சொன்னால்தான் மிட்டாய். சூனியக்காரி வேஷத்தில் வந்த சிறுமி ஜோக் சொல்லி, மிட்டாய் வாங்கிப் போனதும் வெர்னா கதவில் சாய்ந்துகொண்டாள்.

"சின்ன வயசுல எங்க வீட்டுக்கு வேஷம் போட்டுக்கிட்டு ஒருத்தன் வந்தான், லாயிட். உடம்பு, மூஞ்சி எல்லாம் பேண்டேஜ் சுத்தியிருந்தான்."

"கல்யாணமாகி நாப்பத்தாறு வருஷமா வந்துக்கிட்டேதான் இருக்கான்" என்றார் கணவர் லாயிட்.

"அவன் சொன்ன ஜோக்குக்குச் சிரிச்சுச் சிரிச்சு வாசப்படியிலயே உக்காந்துட்டேன்."

"என்ன ஜோக்கு?"

"மறந்துபோச்சு. சிரிச்சதுதான் ஞாபகம் இருக்கு. மறுவருஷமும் வந்திருந்தான்னா அவனையே கட்டியிருப்பேன்."

லாயிட் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "அவனுக்கும் இந்நேரம் வழுக்கை விழுந்திருக்கும்."

"அவனுக்கா? அவன் என்ன உன்னை மாதிரியா?"

"நான் சொல்ற ஜோக்குக்கு ஒரு நாளாவது சிரிச்சிருக்கியா?"

"சிரிப்பு வர்ற மாதிரி சொல்லு, சிரிக்கிறேன்."

அதற்குமேல் லாயிடால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பேண்டேஜுக்குள் இருந்தது அவரேதான். கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருப்பார். ஆனால் அதற்குள் அவள் அந்தப் பையனைத் தூக்கி வைத்திருந்த உயரத்தில் ஏறி நிற்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"வெர்னா, அவன் நான்தான்."

வெர்னா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"பரவாயில்லையே, நீயும் ஜோக் சொல்லக் கத்துக்கிட்ட" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா இதையே அவன் சொல்லியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."