பினாயில் மேல் பழி

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு! உன் பினாயில் நெடிதான் கொன்னுடுச்சு," செத்த ஆமையைக் கையில் ஏந்திக்கொண்டு மருமகளிடம் குதித்தார் மாமனார். "தினமும் என் கையால வெள்ளரிக்காய் ஊட்டி வளர்த்தேனே!"

"பினாயில் தொட்டே ஒரு மாசமாச்சு மாமா. எனக்கெதுக்கு வீண்பழி? டாக்டர் அறுத்துப் பார்த்துச் சொல்லட்டும்."

"செத்ததைப் போய் எதுக்கும்மா அறுக்கணும்?" அவர் குரல் சட்டென்று இறங்கியது.

மருமகள் விடவில்லை. குடும்பமே கிளம்பிப் போனது.

அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர் வெளியே வந்தார். "வீட்ல யாருக்கு சுகர்?"

"இவருக்குத்தான் டாக்டர். தினமும் நானே மாத்திரை எடுத்துக் கொடுத்தும் குறைய மாட்டேங்குது," அலுத்துக்கொண்டாள் மாமியார்.

"எப்படிம்மா குறையும்? மாத்திரையெல்லாம் வெள்ளரிக்காயோட ஆமை வயித்துலல்ல இருக்கு!"

மாமனாரின் தலை மெல்லச் சட்டைக் காலருக்குள் இறங்கியது.